பெயர் எழுதி வைத்த மரபும் தளப்பெயர்ப் பதிவேடும்

மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் மலையில் சமண முனிவர்களுக்காகக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள், கொடுத்ததோடு நிற்கவில்லை. தங்கள் பெயரையும் பாறையில் பொறித்துவிட்டுப் போனார்கள். வெள்ளறை என்ற ஊரின் நிகமத்தார், அதாவது வணிகக் குழுவினர், அக்கல்வெட்டில் வருகிறார்கள். அழகர்மலைக் கல்வெட்டுகள் இன்னும் சுவையானவை. உப்பு வணிகன், பாணிதம் என்னும் வெல்லப்பாகு விற்றவன், கொழு விற்றவன், அறுவை என்னும் துணி விற்றவன் என்று ஒவ்வொருவரும் தொழிலையும் பெயரையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டு கழித்தும் இன்ன தொழில் செய்த இன்னார் கொடுத்தது என்று நம்மால் சொல்ல முடிகிறது.

பெயரை எழுதினால் பெருமை மட்டும் வருவதில்லை, பொறுப்பும் வருகிறது. உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரும், அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் அடுத்த முறை குடத்தில் போடக்கூடாது என்று அதில் விதி இருக்கிறது. ஊருக்கு முன்னால் பெயர் கொடுத்தவன் ஊருக்குக் கணக்கும் சொல்ல வேண்டும் என்பதே அதன் கருத்து.

இந்தப் பழங்கதைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. பிள்ளைகள் டொமைன் நேம் என்று சொல்வதை நான் இங்கே தளப்பெயர் என்று எழுதுகிறேன். இன்று கடை, கோயில், சங்கம், பத்திரிகை எதுவாக இருந்தாலும் இணையத்தில் அதற்கு ஒரு தளப்பெயர் வாங்கிக்கொள்கிறோம். அந்தப் பெயர் யாருடையது என்று ஒரு பதிவேடு உண்டு. அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் புரட்டலாமா, அல்லது பூட்டி வைக்க வேண்டுமா? நாற்பது ஆண்டுக்கு மேல் உலகம் பேசிக்கொண்டிருக்கும் வழக்கு இது. இதன் இரு பக்கத்து நியாயமும் நம் பெங்களூரிலிருந்து கிளம்பி உச்சநீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதனால்தான் இந்த மலரில் இதை எழுதத் துணிந்தேன்.

பதிவேடு பிறந்த கதை

இணையத்துக்கு முன்னோடி ஆர்பாநெட் என்ற அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி வலை. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்ற விவரத்தைக் கலிபோர்னியாவில் எஸ்.ஆர்.ஐ. என்ற நிறுவனத்தின் தகவல் மையம் வைத்திருந்தது. எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையார் அதன் தலைவர். முதலில் டெலிபோன் டைரக்டரி மாதிரி புத்தகமாகவே அச்சிட்டுக் கொடுத்தார்கள். 1982 மார்ச்சில், கேட்டால் கம்ப்யூட்டரே பதில் சொல்லும்படி ஒரு முறையை எழுதி வெளியிட்டார்கள். அதற்கு 'ஹூ இஸ்' என்று பெயர். நம் பேச்சில் 'யாரது?' என்று சொல்லலாம். பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் அதில் வரும்.

அப்போது அதில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்த ஆராய்ச்சிக்காரர்கள். ஒரு மெஷின் கோளாறு செய்தால் உடனே அந்த ஆளைக் கூப்பிட வேண்டும், அதற்குத்தான் அந்த ஏடு. ஒரே தெருவில் குடியிருப்பவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி ஏற்பாடு. 1985-இல் .காம் வந்தது. முதல் பெயர் அந்த ஆண்டு மார்ச் 15-ஆம் தேதி பதிவாயிற்று. 1995 செப்டம்பரிலிருந்து பெயருக்கு ஆண்டுக்கு 50 டாலர் கட்டணம் என்று ஆனது. 1998-இல் ஐகான் என்ற அமைப்பு இந்தப் பெயர்களை மேற்பார்க்க ஏற்பட்டது. தெரு பட்டணமாகிவிட்டது; சாவி மட்டும் பக்கத்து வீட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

பெங்களூர் நீதிமன்றத்தில் ஒரு 'எஃப்'

நம் நாட்டின் .இன் 1989-இல் ஒதுக்கப்பட்டது. மும்பையிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் அதைக் கவனித்து வந்தது. சரியான காகிதம் காட்டும் கம்பெனிகளுக்கே கொடுத்ததால் பல ஆண்டுகள் சில ஆயிரம் பெயர்களுக்கு மேல் போகவில்லை. நம் ஆட்கள் எல்லோரும் .காம் பக்கமே ஓடினார்கள். அங்கே முதலில் வந்தவருக்கு முதலில் என்பதுதான் விதி. கொடுக்கும்போது யாரும் எதையும் சரிபார்ப்பதில்லை.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே கம்பெனியை நம்மில் பலருக்கு 'சிஃபி' என்ற பெயரால் தெரியும். தெருமுனை இன்டர்நெட் கடைகளின் பலகையில் பார்த்த பெயர்தான். 1999 ஜூனில் அவர்கள் சிஃபிநெட், சிஃபிமால் முதலிய .காம் பெயர்களைப் பதிவு செய்துகொண்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து வேறொரு கம்பெனி, நடுவில் ஓர் 'எஃப்' கூடுதலாகப் போட்டு, உச்சரித்தால் ஏறக்குறைய அதே ஒலி வரும் பெயரில் இணைய வியாபாரம் தொடங்கியது. வழக்கு பெங்களூர் நகர சிவில் நீதிமன்றத்துக்கு வந்தது. அந்த நீதிமன்றம் தடை கொடுத்தது, கர்நாடக உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. கடைசியில் 2004 மே 6 அன்று உச்சநீதிமன்றம் சிஃபி பக்கமே தீர்ப்புச் சொன்னது. எங்கள் பங்காளிகள் ஐந்து பேரின் முதலெழுத்தைச் சேர்த்து வைத்த பெயர் இது என்று எதிர்த்தரப்பு சொன்ன சமாதானம் எடுபடவில்லை.

தளப்பெயரும் வியாபார முத்திரையைப் போலத்தான், அடுத்தவன் பெயரில் சரக்கு விற்பதைத் தடுக்கும் பழைய சட்டமே இதற்கும் செல்லும் என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. இதற்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லாத நிலையில் அது பெரிய துணை. 2003-இல் ஏற்பட்ட நிக்ஸி என்ற அமைப்பின் பொறுப்பில் 2005 முதல் .இன் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அந்த ஆண்டே .இன் தகராறுகளுக்கு நடுவர் தீர்ப்பு முறையும் வந்தது.

சட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள்; வியாபாரியின் கண்ணில் வேறொன்று படுகிறது. சிஃபி வழக்கில் எதிரே ஒரு கம்பெனி நின்றது. சம்மன் வாங்க ஆள் இருந்தது, பதில் சொல்ல வக்கீல் இருந்தார். யார் என்று தெரிந்ததால்தான் நியாயம் கேட்க முடிந்தது.

திறந்த ஏட்டின் தீமை

அதனால் ஏடு திறந்தே கிடக்கட்டும் என்று சொல்லிவிட முடியுமா? என் தங்கை மகள் வீட்டிலிருந்தே சிறுதானியப் பலகாரம் செய்து விற்றாள். ஆசையாக ஒரு .காம் பெயர் வாங்கினாள். மூன்றாம் நாள் முதல் போன். வெப்சைட் போட்டுத் தருகிறோம், லோகோ வரைந்து தருகிறோம் என்று ஆரம்பித்து, ராத்திரி பதினோரு மணிக்கு வேண்டாத பேச்சுப் பேசுகிறவர் வரை வந்தாச்சு. எப்படி நம்பர் கிடைத்தது என்று பார்த்தால், அவள் பெயரும் வீட்டு வாசல் நம்பரும் அந்த 'யாரது' ஏட்டில் உலகத்துக்கே தெரியும்படி கிடந்தன. கூப்பிட்டவர் யார் என்று மட்டும் அவளுக்குத் தெரியவே தெரியாது.

பாதிக்கப்பட்டவர்கள் தற்காப்புக்குப் பொய் விவரம் எழுதினார்கள். ஏமாற்றுகிறவர்களும் பொய்யே எழுதினார்கள். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2005-இல் ஆராய்ந்தபோது .காம், .நெட், .ஆர்க் மூன்றிலும் சேர்த்து சுமார் 23 லட்சத்து 10 ஆயிரம் பெயர்கள், அதாவது நூற்றுக்கு 5-க்குச் சற்று மேல், பார்த்தவுடனே பொய் என்று தெரியும் விவரத்தோடு இருந்ததாக மதிப்பிட்டது. பார்த்தால் மெய் போலத் தோன்றும் பொய் அந்தக் கணக்கில் வராது. இதற்கிடையே, உங்கள் பெயருக்குப் பதில் எங்கள் பெயரை ஏட்டில் போடுகிறோம் என்று பினாமிச் சேவையும் காசுக்கு வந்தது. .இன் பெயர்களுக்கு இந்தப் பினாமி முறை அனுமதிக்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தரங்கத்தின் பக்கத்து நியாயமும் நம் ஊரிலிருந்துதான் போனது. கர்நாடக உயர்நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசுவாமி, பெங்களூர்வாசி, எண்பது வயதுக்கு மேல் 2012-இல் ஆதார் விஷயமாக உச்சநீதிமன்றத்தில் மனுப் போட்டார். அதிலிருந்து எழுந்த கேள்விக்கு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமை. அந்த உரிமையில் அரசு கைவைக்க வேண்டுமானால் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மேல் ஓர் அங்குலமும் போகக்கூடாது என்பது அத்தீர்ப்பு தந்த அளவுகோல். நடு ராத்திரி பேசுகிறவனுக்கும் வீட்டு முகவரி காட்டும் ஏடு இந்த அளவுகோலுக்கு நிற்காது.

பூட்டிய ஏட்டின் விலை

அடுத்த ஆண்டே உலகத்து ஏடு மூடிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 அன்று அமலுக்கு வந்தது. அபராதத்துக்குப் பயந்து, எட்டு நாள் முன்னதாக, மே 17 அன்று ஐகான் ஒரு தற்காலிக விதியைப் போட்டது. தனிமனிதர் பெயர், தெரு, போன் எல்லாம் மறைக்கப்பட்டன. ஐரோப்பாவுக்கு எழுதிய சட்டம். ஆனால் ஆளுக்கு ஆள் பிரித்துப் பார்க்கச் சோம்பி, பெரும்பாலான பதிவாளர்கள் உலகம் முழுவதற்கும் சேர்த்துத் திரை போட்டுவிட்டார்கள். 2025 ஜனவரி 28-லிருந்து .காம் போன்ற பொதுப் பெயர்களுக்குப் பழைய 'ஹூ இஸ்' முறை கட்டாயம் கிடையாது, அதன் இடத்தில் ஆர்.டி.ஏ.பி. என்ற புது முறை. புது முறையில் கேட்டாலும் பெரும்பாலும் மறைக்கப்பட்டது என்ற ஒரே பதில்தான்.

இதன் விலை எங்கள் கடைக்கும் தெரியும். ஆரணிப் பட்டு மொத்த வியாபாரம். சில வருஷம் முன்பு எங்கள் கடைப் பெயரோடு ஒரு சொல்லை ஒட்டி, எங்கள் புடவைப் படங்களையே போட்டு, ஒரு தளம் முளைத்தது. பாதி விலை என்று முன்பணம் வாங்கினார்கள். ஓசூரிலிருந்து ஓர் அம்மா மகள் கல்யாணத்துக்கு ஐந்து புடவைக்குப் பணம் கட்டிவிட்டு, ரசீதை அச்செடுத்துக்கொண்டு எங்கள் கடை வாசலில் வந்து நின்றார். எங்கள் பெயர்தான், எங்கள் ரசீது அல்ல. பதிவேட்டைப் பார்த்தால் ஒரு வெளிநாட்டுப் பினாமிச் சேவையின் பெயர். பதிவாளர் கம்பெனிக்கு எழுதினோம், கோர்ட் உத்தரவு கொண்டுவா என்றார்கள். கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் எதிரி பெயர் வேண்டாமா? தளம் பத்தாம் நாள் தானே மறைந்தது. அந்த அம்மாவின் பணம் மறைந்ததுதான்.

பெயர் தெரியாத எதிரி மேல் வழக்குப் போட நம் நீதிமன்றங்களில் ஒரு வழக்கம் உண்டு. இங்கிலீஷ்காரர் 'ஜான் டோ' என்று ஒரு கற்பனைப் பெயர் போடுவதுபோல, இங்கே 'அசோக் குமார்' என்று போடுவார்கள். திருட்டு சினிமாவைத் தடுக்க வாங்கிய உத்தரவுகளில் இந்த அசோக் குமார் அடிக்கடி வருவார். இப்போது போலித் தளங்கள் மேல் டில்லி உயர்நீதிமன்றத்தில் வந்துள்ள வழக்குகளிலும் அவரே எதிரி. டாபர் கம்பெனி போட்ட வழக்கு அவற்றில் ஒன்று. பெரிய கம்பெனிக்கு இது முடியும். உலக அறிவுசார் சொத்து நிறுவனமான வைப்போவிடம் நடுவர் தீர்ப்புக் கேட்டால் பதிவாளர் உண்மைப் பெயரைச் சொல்லியாக வேண்டும், ஆனால் ஒரே நடுவர் கொண்ட விசாரணைக்குக் கட்டணம் 1,500 டாலர். ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல் வரும். ஓசூர் அம்மா இழந்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது.

ஐகான் 2023 நவம்பரில் சோதனையாக ஒரு கோரிக்கை முறையைத் தொடங்கியது. காரணம் சொல்லி விவரம் கேட்கலாம். ஆனால் பதிவாளர் அதில் சேர்வது அவர் விருப்பம், கொடுப்பதும் மறுப்பதும் அவர் முடிவு.

கடைத்தெரு அறிந்த வழி

ஊருக்குத் தெரிய வேண்டியதையும் வீட்டோடு இருக்க வேண்டியதையும் பிரித்துப் பார்ப்பது நம் நாட்டுக்குப் புதிது அல்ல. ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கில் 1994-இல் உச்சநீதிமன்றம், தன்னை விட்டுவிடு என்று சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது. அதே மூச்சில், பொது ஆவணத்தில் ஏறிய செய்திக்கு அந்த மறைப்புக் கிடையாது என்றும் சொன்னது. அப்படியானால் தளப்பெயர் ஏடு பொது ஆவணமா? வீட்டுப் பெண் கவிதை போட வாங்கிய பெயரும் வியாபாரி பணம் வாங்க வைத்த பெயரும் ஒரே ஏட்டில் இருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

பங்காளி வியாபாரத்துக்கு 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் இருக்கிறது. ஃபர்ம் பதிவு செய்யும்போது பங்காளிகள் முழுப்பெயரும் நிரந்தர முகவரியும் கொடுக்க வேண்டும். தெரிந்தே பொய் எழுதினால் மூன்று மாதம் வரை சிறை உண்டு. அந்தப் பதிவேட்டைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம் என்று 66-ஆம் பிரிவு சொல்கிறது. பார்க்கப் போகிறவன் ஆபீசுக்கு நடந்து போக வேண்டும், பணம் கட்ட வேண்டும், குமாஸ்தா முகத்தைப் பார்க்க வேண்டும். வேலை இல்லாதவன் வேடிக்கைக்காகப் போகமாட்டான். காரியம் உள்ளவனுக்குக் கதவு திறந்தே இருக்கும்.

இந்த நியாயம்தான் தளப்பெயர் ஏட்டில் விட்டுப்போயிற்று என்பது என் எண்ணம். பழைய திறந்த ஏட்டில் பெயர் கொடுத்தவன் எல்லோருக்கும் தெரிந்தான், பார்த்தவன் யாருக்கும் தெரியவில்லை. இப்போதைய பூட்டிய ஏட்டில் பெயர் கொடுத்தவனே தெரிவதில்லை. இரண்டிலும் ஒரு பக்கத்துக்குத்தான் பொறுப்பு. பதிவு செய்கிறவன் மெய் எழுத வேண்டும், அதை வாங்குகிறவர் சரிபார்க்க வேண்டும். கேட்கிறவனும் தன் பெயரையும் காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். யார் பார்த்தார் என்பது பிறகு உரியவருக்குத் தெரிய வேண்டும். பணம் வாங்கும் கடைக்குத் திரை கூடாது. வீட்டுக்குத் திரை வேண்டும்.

2023-இல் இயற்றிய நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. சட்டப்படியான உரிமையை நிலைநாட்டத் தேவையான அளவுக்கு விவரத்தைப் பயன்படுத்த 17-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆகவே, அந்தரங்கச் சட்டம் வந்துவிட்டது, இனி ஏமாந்தவன் கேட்கவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் சொல்லும்போது தீமை பயக்காத சொல் என்றுதான் சொன்னார். மெய்யான ஏடும் வேண்டும், அந்த மெய்யால் ஒருவருக்குத் தீங்கும் வரக்கூடாது.

நம் கையில் உள்ளது

சட்டம் வரும்போது வரட்டும். குடும்பங்களும் சங்கங்களும் இன்றே கவனிக்க வேண்டியவை சில உண்டு.

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி ஒரு நல்ல காரியம் செய்தது. பேங்க்.இன் என்று முடியும் தனி வகைப் பெயரை ஏற்படுத்தி, 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் அதற்கு மாறவேண்டும் என்றது. ஹைதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி. என்ற வங்கித் தொழில்நுட்ப நிறுவனம் மட்டுமே, வங்கி என்று தெரிந்த பிறகே, அந்தப் பெயரைக் கொடுக்கும். வங்கி என்று சொல்லி வரும் முகவரி அப்படி முடிகிறதா என்று வீட்டுப் பெரியவர்களுக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்.

கடைத் தளமாக இருந்தால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பவரின் சட்டப் பெயர், அலுவலக முகவரி, குறைகேட்பு அதிகாரியின் விவரம் எல்லாம் தளத்திலேயே இருக்க வேண்டும். பதிவேடு மூடியிருந்தாலும் இந்தப் பலகை மூடக்கூடாது. பலகை இல்லாத கடையில் பணம் கட்டாதீர்கள். கட்டி ஏமாந்துவிட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களில் வழக்கமாக நடப்பது இதுதான்: ஆர்வமுள்ள ஒரு பையன் தன் சொந்தப் பெயரிலும் சொந்த ஈமெயிலிலும் சங்கத்துக்குத் தளப்பெயர் வாங்கித் தருவான். நான்கு வருஷத்தில் வேலை மாறிப் போய்விடுவான். புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம் அவனுக்குப் போகும், சங்கத்துக்கு வராது. காலம் முடிந்து நீக்கப்பட்ட .காம் பெயரை மீட்க 30 நாள் தவணை உண்டு, அதற்குக் கட்டணமும் அதிகம். அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஏடு மூடியிருக்கும் இந்நாளில் எடுத்தவர் யார் என்றுகூடத் தெரியாது. பழைய மலர்களும் உறுப்பினர் படங்களும் இருந்த முகவரியில் சீட்டாட்ட விளம்பரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே பெயரைச் சங்கத்தின் பெயரிலேயே, சங்க ஈமெயிலில், இரண்டு பொறுப்பாளர்களுக்குத் தெரிந்த கடவுச்சொல்லோடு பதிவு செய்யுங்கள். சொத்துப் பதிவேட்டில் மேஜை நாற்காலிக்கு மேலே அதை எழுதுங்கள். ஒவ்வோர் ஆண்டும் பொதுக்குழுவில் கணக்கு வாசிக்கும்போது, தளப்பெயர் எந்தத் தேதி வரை புதுப்பித்திருக்கிறது என்பதையும் வாசித்துவிடுங்கள்.